குறைத்து வைத்த விளக்கு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

போனில் பேசினால் ஏதாவது டெக்னிக்கலாகச் சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். புதுப்பித்த நாய்கள் காப்பகத்துக்கு நீ போட்டுக்கொடுத்த விளக்குகளைப் பார்த்தவர்கள் எல்லாம், "ஓட்டல் மாதிரி இருக்கே!" என்கிறார்கள். நாய்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கைப் போட்டதும் சுவரோரம் ஒடுங்கி நடுங்குகின்றன. உபசரித்தால்தான் சாப்பிடுவான் என்று 'மாப்பிள்ளை' எனப் பெயர் வைத்தோமே, அவன் தட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு நடை வந்து பார்.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

புது இடம், போகப்போகப் பழகிவிடும். கண் கூசக்கூடாதென்று வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்திருந்தேன். சுவரில் இருக்கும் குமிழைத் திருப்பி இன்னும் குறை. அணைத்துவிடாதே. ஜன்னல் இல்லாத கூடம், இருட்டில் மிரளும். இங்கே நகைக்கடைத் திறப்பு விழா, தலைக்குமேல் வேலை. மாப்பிள்ளையை மச்சான் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

மார்ச் 13

தம்பி,

பாதியாகக் குறைத்தேன், இன்னும் மோசம். அதிலும் பாதியாக்கினேன். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து நாய்களுக்கு வாயெல்லாம் ரத்தம். நேற்று தண்ணீர் வைக்கப் போன பெண்ணை மாப்பிள்ளை கடித்துவிட்டான். "கடிக்கிற நாயை எந்த வீட்டுக்குக் கொடுப்பீங்க? ஊசி போட்டு முடிச்சிருங்க" என்கிறார் கமிட்டித் தலைவர். திங்கள் மதியம்வரை கெஞ்சி அவகாசம் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். நேரில் வாடா.

அக்கா

மார்ச் 16

அக்கா,

ஏன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய்? காப்பகத்திலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நகைக்கடையில் குறைத்து வைத்த விளக்கைப் போனில் படம்பிடித்தேன். குறுக்கே கோடு கோடாக ஓடியது. அங்கே போட்டதும் இதே விளக்குதான். வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அது அணைந்து அணைந்து எரிகிறது. நமக்குத் தெரியாது, நாய்களின் கண்ணுக்குத் தெரியும். குறைக்கக் குறைக்கச் சிமிட்டல் கூடும். நான் பாவி, குறை குறை என்று உன்னிடம் சொன்னேனே! உடனே முழு வெளிச்சம் வை. ஊசி போட விடாதே. திங்கள் காலை இது உன் கையில் இருக்கும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்கிறார். வியாழன் விழா முடிந்த கையோடு கிளம்புகிறேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஊசி நேற்றே போட்டுவிட்டார்கள். என் மடியில் தலை வைத்துத்தான் போனான்.

நீ சொன்னபடி முழு வெளிச்சம் வைத்தேன். மற்றவை எல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகின்றன. போன் அடித்தது எனக்கும் கேட்டது. வீம்புக்கு எடுக்கவில்லை. உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

விழா முடிந்து கிளம்பாதே. இப்போது உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

அக்கா