எலும்பு ஒதுங்கிய இடம்

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில், புள்ளக் காம்பராவிலிருந்து திரிபோஷா சத்துமாவில் சீனி போட்டுப் பிசைகிற வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. உன் இடத்தில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நல்லவள்தான். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உன் இடத்தில் யார் வந்தாலும் பிடித்திருக்காது.

நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் தோட்டத்துக் கைக்குழந்தைகளெல்லாம் அங்கே உன் பொறுப்பில்தான். என் ஹர்ஷினி இரண்டு வயதில் அங்கேதான் தொட்டிலிலிருந்து விழுந்தாள். நீ போட்ட அலறல் மேல் மலையில் நின்ற எங்களுக்கே கேட்டது. ஓடி வந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நீ அழுதுகொண்டிருக்கிறாய். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

நீ மறக்கவில்லை என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கு அடிக்கடி தலைவலி வந்ததால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேன் படத்தில் மூளையின் ஓரமாகக் கறுப்பாய் ஒரு திட்டு. நீர்ப்பை என்றார்கள். கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்லலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், லிந்துலை தாண்டியதும் நீதான் பேச்சை எடுத்தாய்.

“அன்னைக்கு விழுந்துச்சுல்ல பாப்பா, அதுதான் புள்ள.”

“பைத்தியமா ஒனக்கு? டாக்டரு அப்பிடி ஏதும் சொன்னாரா?”

“சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா?”

எத்தனை சொல்லியும் நீ கேட்கவில்லை. பிடிவாதக்காரி. அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு கொழுந்துக்கு வந்தாய். “இனி யாரு புள்ளையையும் தொட மாட்டேன்” என்றாய்.

என் பிள்ளையை மட்டும் விடவில்லை. சத்தம் போடுகிற அந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுக்காவிட்டால் மயக்க ஊசி போடுவார்கள் என்று கேட்டு நான் நடுங்கிக் கிடந்தேன். நீயோ வேலை விட்டு வந்ததும் அவளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, நெற்றியில் ஒரு பிஸ்கட்டை வைத்து, பக்கத்தில் தகரத்தைத் தட்டுவாய். பிஸ்கட் விழாவிட்டால் அவளுக்கு, விழுந்தால் உனக்கு. “இன்னைக்கும் எனக்கு இல்லையா? பட்டினி போட்டே என்னக் கொல்லப் போறா ஒம் மக” என்று முகத்தைத் தொங்கப் போடுவாய். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

கண்டியில் எங்களுக்கு நாள் வருவதற்குள் மலையில் குளவிக் கூடு கலைந்தது. எல்லோரும் ஓடினோம். உனக்கு அந்த மலையும் புதிது, ஓடுகிற தடமும் புதிது. லொறியில் ஏற்றும்போது உன் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே நீ போய்விட்டாய்.

ஹர்ஷினி அந்தக் குழாய்க்குள் அத்தனை சத்தத்திலும் அசையாமல் கிடந்தாள். ஊசி தேவைப்படவில்லை. டாக்டர் படத்தைத் திரையில் காட்டிச் சிங்களத்தில் விளக்கினார். எனக்குப் புரிந்தது. நீர்ப்பை இருக்கிற இடத்தில் மண்டை எலும்பு மெலிந்து, வெளிப்பக்கமாக ஒதுங்கி, அதற்கு இடம் விட்டு வளர்ந்திருக்கிறதாம். நேற்று வந்த ஒன்றுக்காக எலும்பு அப்படி ஒதுங்காதாம். கருவிலேயே உண்டானதாம். இப்போதைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்.

“சின்னதுல தொட்டில்ல இருந்து விழுந்தா. அதனால இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லை அம்மா. யார் மேலும் தப்பில்லை.”

மறுபடியும் கேட்டேன். எனக்குப் பாஷை விளங்கவில்லை என்று நினைத்து நர்ஸ் தமிழில் சொன்னாள். அவளிடமும் கேட்டேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. வாசலுக்கு வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வந்தவர்கள் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. நீ ஒன்றும் செய்யவில்லை, புள்ள. நீ ஒன்றுமே செய்யவில்லை.