பக்கம் திருப்பத் தெரியாத ஸ்பீக்கர்

அன்புள்ள மகனுக்கு,

சற்று முன் பியானோ டீச்சர் போன் செய்தார். வரும் சனிக்கிழமைக் கச்சேரியிலும் உன் தங்கையின் டூயட்டுக்கு இடம் வைத்திருக்கிறாராம். ஆனால் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும், ஸ்பீக்கரோடு வந்தால் மேடையேற விடமாட்டேன் என்றார். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் சிரித்துப் பேசி நழுவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மாலைக் கச்சேரியில் அவள் தனியாக வாசித்தது சுத்தமாக இருந்தது, நம் தெருப் பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்து டூயட். பெஞ்சில் நீ உட்கார வேண்டிய இடத்தில், நீ வாசித்து அனுப்பிய ரெக்கார்டிங்கை ஒலிக்க ஸ்பீக்கரை வைத்தார்கள். பையன் வரலைன்னா என்னண்ணே, டப்பா வந்திருக்கே என்றார் உன் சித்தப்பா. அப்போது எனக்கே சிரிப்பு வந்தது. பாதி வரை இருவரும், அதாவது அவளும் டப்பாவும், சேர்ந்தே போனார்கள். பிறகு பக்கம் திருப்பும் இடம் வந்தது. அங்கே உன் கைக்கு ஓய்வு, அவள் இரு கைக்கும் வேலை. சிறுவயதிலிருந்து திருப்பியவன் நீ. வீட்டில் பழகும்போது அம்மா திருப்பினாள், மேடையில் யார் திருப்புவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஒரு கையை எடுத்துத் திருப்பினாள், தாள் ஒட்டிக்கொண்டது, ஸ்பீக்கர் காத்திருக்கவில்லை. துரத்திப் பார்த்தாள், முடியவில்லை. உன் பாகம் முடிந்த பிறகும் அவள் தனியாகத் தன் பாகத்தை வாசித்து முடித்தாள். பின்வரிசையில் ஒருவன், ஸ்பீக்கர் ஜெயிச்சிடுச்சு என்றான். கூடம் சிரித்தது. அவள் வணங்கிவிட்டுத்தான் இறங்கினாள்.

லீவு இருக்குப்பா, அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு இவ்வளவு தூரம் வரணுமா, ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன், ஒரு வித்தியாசமும் தெரியாது என்று சொன்னவன் நீ. வித்தியாசம் ஊருக்கே தெரிந்தது. அவனைத் திட்டாதீங்க, என்ன வேலையோ என்கிறாள் அம்மா. வேலையா இது? கூட உட்காருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவை அனுப்பி ஊர் சிரிக்க வைத்திருக்கிறாய். காலையிலிருந்து அவள் பியானோ மூடியைத் திறக்கவில்லை. இனிமே மேடையே வேணாம்ப்பா என்றாள். டீச்சர் சொன்னதைச் சொன்னேன், அண்ணன் வரானா என்று மட்டும் கேட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு. என் கோபம் தீரவில்லை, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். நிகழ்ச்சித் தாள் புதன்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. அவள் பெயருக்குப் பக்கத்தில் டீச்சர் இன்னும் எதுவும் எழுதவில்லை.

உன் அப்பா