மறுப்புரை எழுதியவள்

ஜூன் 3, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை பிரசங்கம் எழுதும் நாள். எழுதுவது நான், ஞாயிறன்று சபையில் பேசுவது என் கணவர். பதினோரு வருடமாக இப்படித்தான். இறையியல் பட்டம் இருவருக்கும் உண்டு, பிரசங்க பீடம் அவருக்கு மட்டும்.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அத்தை – அவருடைய அம்மா – பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நான், மன்னிப்பைப் பற்றி இரண்டாம் பக்கத்தில். சபைச் செயலாளர் வந்தார். கையில் நான் எழுதிய புத்தகம், பாதிப் பக்கங்கள் மூலை மடித்தபடி. "ஐயா இல்லையாம்மா?" அவ்வளவுதான். எழுதியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் பேச ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

கமிட்டி கூடியிருக்கிறது. புத்தகத்தில் நான் கேட்டது இதுதான்: கடவுளை 'அவர்' என்கிறோம். 'அவர்' ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். மீசை வரைந்தது யார்? வரைந்த பிறகு, வீட்டிலுள்ள ஆண்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கடவுளாகிவிடவில்லையா?

தீர்ப்பு: பதினைந்தாம் தேதி போதகரான என் கணவரே பீடத்தில் நின்று இதற்கு மறுப்பு வாசிக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு வேலையும் இல்லை, எங்களுக்குச் சபை கொடுத்த இந்த வீடும் இல்லை.

அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "நீயே எழுதிக் குடுத்துடேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 6

எழுத மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

குளியலறை வாசலில் அத்தை வழிமறித்தார். "அவனுக்கு ரெண்டு வரி சேந்தாப்ல எழுத வராது. பெத்தவ எனக்குத் தெரியாதா? இந்த வயசுல என்னைத் தெருவுல நிறுத்திடாதம்மா."

இறையியல் படித்த பெண்ணுக்கு இந்தச் சபையில் இருக்கும் ஒரே பதவி, போதகரின் மனைவி. அதையும் விட்டால் எங்கே போவேன்? கத்தணும்போல இருக்கு. கத்தினா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் ரூம்ல செயலாளருக்குக் கேக்கும்.

ஜூன் 11, புதன்

எழுதிவிட்டேன். மூன்று பக்கம், ஒன்றரை மணி நேரம். அடித்தல் திருத்தல்கூட இல்லை. என் வாதத்தில் ஓட்டை எங்கே என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் அவர். இத்தனை வருடத்தில் முதல் பாராட்டு. எதற்குக் கிடைத்தது பார்.

ஜூன் 15, ஞாயிறு

வாசித்தார். நான் மூன்றாவது பெஞ்சில், முழங்காலைப் பார்த்தபடி. நான் மூச்சுவிட வைத்த இடத்தில் அவர் மூச்சுவிட்டார். செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாதியில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். என் புத்தகத்தை இரண்டு தடவை படித்த நர்ஸ்.

வாசலில் எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். என்னிடம், "மனசுல வெச்சுக்காதீங்கம்மா." வெச்சுக்காம? வேற எங்க வெச்சுக்கறது?

ஜூன் 16, திங்கள்

பஸ் ஸ்டாப்பில் அந்த நர்ஸ். நேராகவே கேட்டாள்: "நேத்து வாசிச்சது நீங்க எழுதினதுதானேக்கா?"

பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன்.

"எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கேட்டுட்டிருக்கேன். உங்க நடை எனக்குத் தெரியாதா? புத்தகமும் நீங்க, மறுப்பும் நீங்க. அப்ப நான் எதை நம்பறது?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

"இந்த வாரம் என்ன தலைப்பு?" என்று அவர் கேட்டார்.

"தெரியலைங்க. பேசப்போறது நீங்கதானே."

தட்டில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தார். அத்தை ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நின்றார். நான் சாப்பிட்டு முடித்தேன். சாதம் சிந்தியது. ஆனாலும் முடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவரே தயாரித்த பிரசங்கம், ஏழு நிமிடம். அதில் ஒரு நிமிடம் தொண்டையைக் கனைத்ததில் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று பேரும் கதவைச் சாத்தும் சத்தத்தில்தான் பேசிக்கொண்டோம்.

ஜூலை 5, சனி

நானே போய்க் கேட்டேன், அந்த நர்ஸ் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தாள். நர்ஸ்கள் தங்கும் ஹாஸ்டலின் சாப்பாட்டுக்கூடம், ஒன்பது பெண்கள். முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டேன்: "அந்த மறுப்பை எழுதினது நான். பயந்து எழுதினேன்." ஒருத்தி எழுந்து போய்விட்டாள். நியாயம்தான். மற்ற எட்டுப் பேர் முன்னால் அந்த மூன்று பக்கத்தையும் வரிவரியாக எடுத்துப் பதில் சொன்னேன். இரண்டு வரிக்குப் பதில் வரவில்லை. வரவில்லை என்றே சொன்னேன். என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஹாஸ்டலில் வாராவாரம் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பைக் கண்டித்து மறுப்பு வேண்டுமாம் கமிட்டிக்கு. காலையில் அவர் நான்கு தாளை மேசைமேல் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நானே எழுதிட்டேன். எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடு."

ஒற்றுப்பிழை பதினாறு. திருத்தினேன். கருத்தில் கை வைக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாதம், எனக்கு இதுவரை தோன்றாதது. சனிக்கிழமைக்குள் பதில் யோசிக்க வேண்டும்.