நம்பர் பார்க்கப் போன கண்

என் செல்ல அம்மாவுக்கு,

நான் காடி ஓட்டுகிறேன் அம்மா. சத்தியமாக. பின்கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஸ்டியரிங்கை விட்டால் அது எங்கேயோ ஓடிப்போய்விடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். நீ இருந்தால் பின்சீட்டில் உட்கார்ந்து கிள்ளானில் ஆரம்பித்து போய்ச் சேரும்வரை முருகனை விடாமல் கூப்பிட்டிருப்பாய்.

வேறு வழியில்லை அம்மா. அப்பாவை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். சர்க்கரையில் அவருக்குக் கண் பாதி போனதால்தானே நீயே ஐம்பது வயதுக்கு மேல் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாய்? நீ போன பிறகு உன் தம்பி, நம் சின்ன மாமா, கொஞ்ச நாள் கூட்டிப்போனார். ஒவ்வொரு முறையும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். போதும்டா சாமி என்று நானே லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாராவது கூனிக் குறுகினால் எனக்குச் சந்தோஷம்.

முதல் தடவை இடித்தது பிரிக்பீல்ட்ஸில். நான் வேலை செய்யும் பல் கிளினிக்கின் கீழ்த்தளத்தில் காடியை நிறுத்தப் போனேன். பக்கத்தில் ஒரு தூண். இடித்துவிடக் கூடாது, இடித்துவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். நேராக அதில் போய் இடித்தேன். கதவு உள்ளே போய்விட்டது. இவ்வளவு இடம் இருக்கும்போது அந்தத் தூணை எப்படித் தேடிப் பிடித்தேன் என்று எனக்கே புரியவில்லை.

சத்தம் கேட்டு, கூட வேலை செய்யும் மாலினி ஓடி வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து காடியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள்.

"புதுசா எடுத்த காடி, மொத ஆக்சிடன்ட். நல்லா அடிக்கும் லா. நீயும் எடுத்து வை" என்றாள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் புரியாது. இங்கே மலேசியாவில் ஒரு காடி நசுங்கினால் அதன் நாலு எண்ணைக் குறித்துக்கொண்டு நம்பர் கடைக்குப் போவார்கள். லாட்டரிதான்; பரிசு விழுந்தால் நம்பர் 'அடித்தது' என்பார்கள். ஆனால் லாட்டரிக்கு ரத்தம் கலந்த நம்பர் என்றால் தனி மவுசு. உள்ளே ஆள் செத்திருந்தால் இன்னும் விசேஷம்.

உன் நம்பரும் அப்படித்தான் போனது, தெரியுமா?

நீ போன அன்று நான் வேலையில் இருந்தேன். பந்திங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நீயும் அப்பாவும் மழையில் திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள். லோரி வந்து உன் பக்கத்தில் மோதியது என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டு ஆட்கள் எல்லாரும் அந்த லோரிக்காரனைச் சபித்தார்கள். அவன் குடும்பம் விளங்குமா என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினார். கொஞ்சம் ஓய்ந்ததும், அவள் நேரம் வந்துவிட்டது, போய்விட்டாள் என்றார்கள். எப்படி நடந்தது என்று நான் கேட்டபோதெல்லாம் இந்த ஒரு பதில்தான். நேரம் என்ன, பஸ்ஸா அம்மா, வந்தது ஏறிப் போனாய் என்று சொல்ல?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தோம். சின்ன மாமா என்னை ஓரமாக அழைத்தார். முகத்தில் அழுததும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது.

"அக்கா காடி நம்பர் அடிச்சிருச்சும்மா. ஆறுதல் பரிசுதான். ஆனா பாரு, போறப்பவும் நம்மள மறக்கல. குடுத்துட்டுத்தான் போயிருக்கு."

அதைவிடக் கேவலம், பந்தலில் விஷயம் பரவியதும் ஒருத்தர்கூட அவரைத் திட்டவில்லை. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு!

அந்த இடத்துக்கு முதலில் போனவர் மாமாதான். படம் எடுத்தேன் என்றார். காட்டச் சொன்னேன். காடி எப்படிக் கிடந்தது, எந்தப் பக்கம் அடி, எதையாவது பார்த்தால் எனக்குப் புரியும் என்று நினைத்தேன். படத்தில் நம்பர் பிளேட் மட்டும்தான் இருந்தது. கிட்டே போய், ஆடாமல் அசையாமல், பளிச்சென்று எடுத்திருந்தார். ஓரத்தில் நீ அந்தக் கல்யாணத்துக்குக் கட்டிப்போன சேலையின் பச்சை கொஞ்சம் தெரிந்தது. உன்னைக் காடியிலிருந்து இறக்கி ரோட்டோரம் படுக்க வைத்திருந்தார்களாம்.

"அப்ப அம்மாவுக்கு உசிரு இருந்துச்சா மாமா?"

"தெரியலம்மா. ஆம்புலன்ஸ் இன்னும் வரல அப்ப."

அவர் கெட்டவர் இல்லை அம்மா. உன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர், சுடுகாட்டில் மயங்கி விழுந்தவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

நீ மட்டும் என்ன யோக்கியம்? சின்ன வயதில் பந்திங் பஸ்ஸில் போகும்போது வழியில் ஏதாவது காடி நசுங்கிக் கிடந்தால், "ஐயோ பாவம், யார் பெத்த புள்ளையோ" என்பாய். அதே மூச்சில் என் தோளைத் தட்டி, "நம்பர் என்னடி கண்ணு, சீக்கிரம் பாரு" என்பாய். நான் சன்னலில் தலையை நீட்டிப் படித்துச் சொல்வேன். அடித்துவிட்டால் அந்தச் செத்த ஆளுக்காகக் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பாய். அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று உனக்கு நிம்மதி. எனக்கு அப்போது அது விளையாட்டாகத்தான் இருந்தது.

இனி போன வாரம் நடந்ததைக் கேள்.

டயாலிசிஸ் முடிந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மத்தியானம், தூறல். பக்கத்து சீட்டில் அப்பா மடியிலிருந்த துண்டைத் தவறவிட்டுக் கீழே தடவிக்கொண்டிருந்தார். "இருங்கப்பா, நான் எடுக்கறேன்" என்று திரும்பினேன். ஒரு நொடிதான். காடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு காடியின் பின்புறத்தில் இடித்தது.

யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தக் காடியிலிருந்து ஒரு மலாய் அம்மா இறங்கி வந்தார். அவர் பம்பர் தொங்குகிறது. என்னைத்தான் முதலில் பார்த்தார். "அடிக், ஓகே கெ? பக்சிக் ஓகே?" என்றார். தங்கச்சி, உனக்கு ஒன்றுமில்லையே, பெரியவருக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் வழியில் போன மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றுவிட்டன. நம் தமிழ் ஆட்கள்தான். அப்பாவை இறக்க ஒரு கை கொடுப்பார்கள் என்று பார்த்தேன். போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் காடியின் பின்னால் நின்றிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நம்பர் மறைக்குது" என்றான் ஒருவன்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஏன்கா கோவப்படுறீங்க? உங்களுக்குத்தான் ஒன்னும் ஆகலயே."

ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவனுக்கு ஒரு ஏமாற்றம்கூட இருந்தது அம்மா. அப்படியே சாலையில் கிடக்கும் எதையாவது எடுத்து அவன்மேல் எறியலாம்போல இருந்தது. காடியை இழுத்துப் போக ஆள் வேண்டும் என்று மாமாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "புதுக் காடி நம்பர் என்னம்மா? எனக்கு ஞாபகம் இல்ல."

போனை வைத்துவிட்டேன்.

வொர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவும் நானும் காத்திருந்தோம். நான் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்.

"நீ என் பக்கம் திரும்பினப்ப காடியும் என் பக்கம் வந்துச்சு இல்ல? அன்னிக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"என்னிக்குப்பா?"

"அம்மா ஓட்டினப்ப. ரோட்டோரம் ஒரு காடி கவுந்து கெடந்துச்சு. 'ஏங்க, நம்பர் என்னன்னு பாருங்க'ன்னா. எனக்கு எங்க தெரியுது? வெள்ளையா என்னமோ தெரிஞ்சுச்சு. தெரியலம்மான்னேன். 'இதுகூடவா முடியாது உங்களுக்கு'ன்னு என்னைத் தாண்டி அவளே எட்டிப் பார்த்தா. காடி ஓரமா போய் மண்ணுல ஏறிச்சு. பயந்துபோய் ஸ்டியரிங்க ரோட்டுப் பக்கம் ஒடிச்சா. பின்னால லோரி வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த லோரிக்காரன் ஒன்னும் பண்ணலம்மா. அவன் என்ன பண்ணுவான்?"

"ஏன்பா இத்தன நாளா சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா நம்பரச் சொல்லியிருப்பேன். அவ ரோட்ட பாத்துக்கிட்டே போயிருப்பா."

கேட்டாயா அம்மா? உன் புருஷன் இத்தனை நாளாகத் தன் கண்ணைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒரு லோரிக்காரன் நம் சனத்தின் சாபத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். நீயோ படத்தில் மாலையோடு சிரிக்கிறாய்.

சீ என்று வந்தது எனக்கு. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அன்று முழுக்க உன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. கவிழ்ந்து கிடந்த அந்தக் காடிக்குள் யாராவது இருந்தார்களா என்று நீ பார்த்தாயா? அதையும் அப்பாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். உன் கடைசிப் பார்வை எங்களில் யார்மேலும் இல்லை அம்மா, நாலு எண்மேல் இருந்தது. அதுவும் முழுசாகப் படித்தாயோ இல்லையோ.

ஆனால் உண்மை தெரிந்ததில் ஒன்று மட்டும் நல்லது. நீ எப்படிச் செத்தாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அதே தப்பை நானும் செய்து உயிரோடு இருக்கிறேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் கண் எந்தப் பக்கம் திரும்புகிறதோ கையும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. தூணைப் பார்த்தேன், தூணுக்குப் போனேன். அப்பாவைப் பார்த்தேன், அவர் பக்கம் போனேன். இதை உனக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால்? நீ கேட்டிருப்பாயா?

அன்று சாயங்காலம் சின்ன மாமா வீட்டுக்கு வந்தார். காடிக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். திருஷ்டியாம். நான் அதை வாங்கவில்லை. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லோரிக்காரன்மேல் தப்பில்லை, நேரமும் இல்லை, விதியும் இல்லை, அம்மா நம்பர் பார்க்கப் போய்த்தான் செத்தாங்க மாமா என்றேன்.

மாமா முகம் வெளுத்துவிட்டது. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, ஐயோ அக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அப்பாடா, இந்த மனிதருக்கு இப்போதாவது உறைத்தது என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடப் போனேன்.

அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தான், அந்தக் கவுந்து கெடந்த காடி... அது நம்பர் ஒன்னு ரெண்டாச்சும் தெரிஞ்சுச்சா உங்களுக்கு?"

அப்பா எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாமா எழுந்து போனார்.

அம்மா, நாளைக்குக் காடி வந்துவிடும். மறுநாள் அப்பாவை நான்தான் கூட்டிப்போவேன், அதற்கடுத்த தடவையும் நான்தான். ரோட்டோரம் எந்தக் காடி எப்படிக் கிடந்தாலும் என் கண் என் வழியைவிட்டுத் திரும்பாது. உதவி செய்வதென்றால் ஒழுங்காக நிறுத்திவிட்டு இறங்கிப் போய், உள்ளே இருக்கிற ஆளைப் பார்ப்பேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நேரம் வந்தது என்று சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்வேன், உனக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சொல்வேன். அந்த லோரிக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து முதலில் அவரிடம் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன்மேல் கோபமும் தீராமல், உன்னை நினைக்காமலும் இருக்க முடியாமல்,
நீ பெற்ற ஒரே மகள்.