உமது குரலுக்கு யாரோ போட்ட பூட்டு

இன்று வெள்ளிக்கிழமை. சாமி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குங்குமச் சிமிழுக்குப் பின்னால் உம்முடைய பென் டிரைவ் அகப்பட்டது. அதன் இரும்பு வாயில் நான் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தன வாசத்தோடு உம்முடைய முன்னறையின் வாசமும் எங்கிருந்தோ வந்தது. மருந்து, மல்லித் தண்ணீர், சூடேறிய லப்டொப். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

அந்தச் சந்தனத்தைப் பூசிய அன்று நீர் சிரித்தீர். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "மிசினுக்கும் கண்ணூறு கழிக்கப்போறீரோ?" என்று உதட்டை அசைத்துக் கேட்டீர். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர். அம்மனுக்கு வைத்தது முழுதாகப் போகவில்லை.

நீர் கிளிவெட்டி ஆள். துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து, கலியாணம் கட்டாமல், எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தீர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக் கணக்கும் கோயில் அன்னதானக் கணக்கும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். நீர் அதைப் பார்த்துவிட்டு, உம்முடைய பழைய மேசைக் கணினியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தீர். சொல்லித்தரக் கேட்டேன். "நீரே நோண்டிப் பாரும். உடையாது" என்றுவிட்டு என் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டீர்.

அதில் இருந்தது காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று விட்டிருந்தது. எனக்கு அது நம்ப ஏலாத விஷயமாக இருந்தது. சும்மா தருகிறவன் பின்னால் எதையாவது கேட்பான் என்றேன்.

"உங்கடை அன்னதானம் மாதிரித்தான். ஆர் சமைச்சது எண்டு சாப்பிடுறவைக்குத் தெரியாது. ஆனா உப்புக் காணாட்டி நாங்களே போட்டுக்கொள்ளலாம்" என்றீர். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை.

தொண்டையில் கட்டி என்று சொன்ன கிழமை, நீர் அழவில்லை. நான்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வெட்டினால் குரலும் போகும் எண்டு சொல்லிப்போட்டினம். போகட்டும்" என்றீர். "ஆனா ஒண்டு பாரும். என்ரை கதையை எனக்காக இன்னொராள் சொல்லக்கூடாது. கடைசி மட்டும் நான்தான் சொல்லுவன்." உம்முடைய சொந்தக் குரலில் நான் கேட்டவற்றில் அதுதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்து கொழும்பிலிருந்து வந்ததும் லப்டொப்போடு இருந்துவிட்டீர். எழுதினால் வாசிக்கும் குரல் ஒன்று அந்தச் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருந்தது. அதன் தமிழ் எங்களுடைய தமிழ் இல்லை. நீர் சொல் சொல்லாக அதன் வாயைத் திருத்தினீர். "ஏலாது", "கதைப்பம்", "போட்டு வாங்கோ" எல்லாம் அதற்குப் பழகியது. ஒரு விசையை அமத்தினால் ஒரு வசனம் என்று வரிசையாக வைத்தீர். கைத்தொலைபேசியிலும் பேச வைக்கலாமே என்று என் மகள் கேட்டாள். வைத்தும் பார்த்தீர். செய்தி வாசிக்கிறவர் மாதிரி அது கதைத்தது. இணையம் போனால் வாயையே திறக்கவில்லை. ஒரு நாளோடு விட்டுவிட்டீர்.

லப்டொப்பின் குரல் ஆம்பிளைக் குரல். அதை மாற்ற உமக்கு நேரம் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, உமக்கு அது பிடித்திருந்தது. சல்லியிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரர் படலையில் நின்று கூப்பிட்டபோது உள்ளிருந்து, "சூரை பழசு. நேற்றும் இதைத்தான் கொண்டுவந்தனீங்கள்" என்று ஒரு ஆண் சொன்னது. மனிதன் சைக்கிளை விட்டுவிடப் பார்த்தார்.

"அம்மா, உள்ளுக்கு ஆர் ஐயா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "எப்ப வந்தவர்?"

உமக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் உம்மோடு விலை பேசவே இல்லை. "ஐயா சொன்னா சரி" என்று தராசை இறக்கிவிடுவார். நாங்களும் அந்தக் குரலை ஐயா என்றே சொல்லத் தொடங்கினோம். கதை நீளுகிறவர்களுக்கென்று ஒரு விசை வைத்திருந்தீர். "சரி, நல்லது, போட்டு வாங்கோ." அதை என் மீதும் இரண்டு மூன்று தரம் பாவித்தீர்.

தொண்டை வருத்தம் திரும்பி வந்த மாதங்களில்தான் லப்டொப்பும் போனது. இந்தக் கடற்காற்று எங்கள் ஊரில் எந்த மின்சாமானையும் விட்டுவைப்பதில்லை. உள்ளே பலகையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. நீர் கலங்கவில்லை. முந்தியும் இரண்டு முறை அப்படி நடந்தது. பழைய பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேறு பெட்டிக்குள் போட்டால், நேற்று விட்ட இடத்திலிருந்து கதைக்கத் தொடங்கும். இங்கே எல்லாரும் செய்கிற வேலைதான். பெட்டியை உப்பு தின்னட்டும், டிஸ்க் இருந்தால் போதும் என்று இருந்தோம்.

நகரத்துக் கடையில், நானா என்று நாங்கள் கூப்பிடும் கிண்ணியாக்காரரிடம் ஒரு லப்டொப் எடுத்தீர். எங்கோ ஓர் அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது. பாரமில்லாதது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்து எடுத்தீர். வீட்டுக்கு வந்து டிஸ்க்கை மாற்றிப் போட்டு விசையை அமத்தினீர். கறுப்புத் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. இந்தச் சிஸ்டத்துக்கு அனுமதி இல்லை என்றது. திரும்பவும் அமத்தினீர். திரும்பவும் அதே கட்டம்.

டிஸ்க்கை என் வீட்டு மேசைக் கணினியில் போட்டீர். அது பழையது, யாரையும் எதுவும் கேட்கவில்லை. உம்முடைய ஐயா உடனே கதைத்தார். அவர் மூலமாகத்தான் எனக்கு விளங்கப்படுத்தினீர்.

"இதுக்குப் பேர் செக்கியூர் பூட். மிசின் எழும்பேக்கை கள்ளச் சிஸ்டம் ஒண்டும் உள்ளுக்குப் பூராமல் காவல் நிக்கும். தெரிஞ்ச கையெழுத்து இருக்கிறதை மட்டும் விடும். பூட்டுப் போட்டது பிழை இல்லை."

"அப்ப உம்முடையதை ஏன் மறிக்குது?"

"இது சின்ன ஆக்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து செய்தது. அவைக்கு ஆர் கையெழுத்து வைச்சுக் குடுக்கிறது?"

"பூட்டைக் கழட்டலாம்தானே?"

"கழட்டலாம். அதுக்குத் திறப்பு வேணும். திறப்பு பழைய சொந்தக்காரரிட்டை. அவை பாஸ்வேர்ட் போட்டு அடைச்சிட்டுத்தான் வித்திருக்கினம்."

"நீர் வாங்கின மிசின் எல்லோ?"

நீர் விசைகளைத் தட்டினீர். பிறகு ஐயா சொன்னார்: "வீடு என்ரை. திறப்பு வேற ஆரிட்டையோ."

இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தங்கள் சொந்த வாசலில் இன்னொருவரின் அனுமதிக்கு நின்ற ஆட்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நானாவில் பிழை சொல்ல மாட்டேன். பெட்டியைக் கழட்டி, உள்ளே இருந்த சின்னப் பற்றறியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். "முந்தின மிசின் எண்டா இதைக் கழட்டினா எல்லாத்தையும் மறந்திடும் தங்கச்சி. இது மறக்குதில்லை" என்றார். கையெழுத்து வாங்கிய பெரிய குழு ஒன்றின் சிஸ்டத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தீர். அன்றுதான் நான் சந்தனம் பூசினேன். அந்த அலுவலகம் அதையும் சேர்த்து அடைத்திருந்தது. ஒரேயொரு கம்பனியின் சிஸ்டத்தை மட்டும்தான் அந்தப் பெட்டி உள்ளே விடும். வேறு பெட்டி தரலாம் என்றால் நானாவிடம் அப்போது இருந்ததெல்லாம் அதே அலுவலகத்திலிருந்து வந்தவை. கொழும்பில் விற்றவர்களைப் பிடித்து, அவர்கள் மூலமாக அந்த அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினார். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

அந்த நாட்களில் நீர் என் வீட்டில் கணினிக்கு முன்னால் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு இருந்து ஆஸ்பத்திரிக்கென்று புது விசை வரிசை ஒன்று வைத்தீர். என்னவென்று கேட்டேன். "திறப்பு வரட்டும், வார்டிலை கேப்பீர்தானே" என்றார் ஐயா. நான் விளக்கு வைக்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத அலுவலகத்துக்காகவும் கும்பிட்டேன். சல்லி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன்.

உம்மை வார்டில் சேர்த்தபோது திறப்பு வரவில்லை. மேசைக் கணினியைக் கட்டிலுக்குக் கொண்டுபோக ஏலுமா? வலக்கை வீங்கியிருந்தது. பேனை பிடித்தால் எழுத்து நெளிந்து ஓடியது, உமக்கே அதைத் திருப்பி வாசிக்க ஏலவில்லை. கைத்தொலைபேசியில் எழுத்துக் குத்த மருந்து மயக்கத்தில் விரல் பிடிபடவில்லை. உம்முடைய உதட்டை வாசிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். தண்ணீர் என்றால் தெரியும். நோகுது என்றால் தெரியும். யன்னல் என்றால் தெரியும்.

கொழும்புக்குக் கொண்டுபோய் இன்னொரு குழாய் வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்ன அன்று கிளிவெட்டியிலிருந்து உம்முடைய தம்பி வந்து நின்றார். நீர் என்னைப் பார்த்தீர். உதடு அசைந்தது. திரும்பவும் அசைந்தது.

"வீட்டை போகக் கேக்கிறா" என்றேன்.

தம்பி என்னைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "அக்கா, குறை நினையாதேங்கோ. அவ கேக்கிறாவோ, நீங்கள் நினைக்கிறீங்களோ?"

"அவதான் சொல்லுறா தம்பி. உதட்டைப் பாருங்கோ."

"எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. தண்ணியோ எண்டாலும் தலையாட்டுறா. கொழும்போ எண்டாலும் தலையாட்டுறா. மருந்து மயக்கம். நான் என்னத்தை நம்புறது?" அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. "எனக்கு இருக்கிறது ஒரு அக்கா. ஒண்டும் செய்யாமல் வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறீங்களோ?"

அவரோடு என்ன வழக்குப் பேசுவது? நான் அடுத்த வீட்டுக்காரி. அவர் கூடப்பிறந்தவர். அம்புலன்ஸில் ஏற்றும்போது நீர் உதட்டை அசைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு போனீர். பிறகு பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தீர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உம்முடைய வீட்டிலேயே நடந்தது. காலையில் கடற்கரையில் செய்ய வேண்டியதைத் தம்பி செய்துவிட்டு வந்தார். சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரம் நானா வந்து படலையில் நின்றார். கையில் அந்த லப்டொப். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"தங்கச்சி, பாஸ்வேர்ட் அனுப்பிப்போட்டாங்க" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு வெட்கமாக இருந்தது. "பூட்டைக் கழட்டிட்டன். மிச்சம் உங்கட கையில."

என் கணினியிலிருந்து டிஸ்க்கைக் கழட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். நானாவே அதைப் போட்டார். சிவப்புக் கட்டம் வரவில்லை. உம்முடைய திரை வந்தது, நீர் விட்டுப்போனபடி. ஆட்கள் சுற்றி நின்றார்கள். தம்பி தலையில் துவாயோடு கதிரையில் இருந்தார். வேலை செய்கிறதா பார்ப்போம் என்றுதான் நான் அந்தப் புது வரிசையின் முதல் விசையை அமத்தினேன்.

"தண்ணி."

அடுத்தது, "நோகுது." அதற்கு அடுத்தது, "யன்னலைத் திறவுங்கோ." சின்னப் பிள்ளை ஒன்று சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். நான் நிறுத்தியிருக்கலாம். கை அடுத்த விசைக்குப் போய்விட்டது.

"தம்பி, வீட்டை போவம்."

தட்டையான அந்த ஆம்பிளைக் குரலில்தான் சொன்னது. பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். தம்பி எழும்பி வந்து திரைக்கு முன்னால் குந்தினார்.

"இது அக்கா வைச்சதோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி."

அவர் விரலை விசைகளுக்கு மேலே கொண்டுபோனார். எது என்று அவருக்குத் தெரியவில்லை. "அதை இன்னொருக்கா அமத்துங்கோ அக்கா" என்றார். அமத்தினேன். நானா வெளியே போய் நின்றுகொண்டார்.

வரவும் செலவும் பொருந்தாத இடத்தில் நான் ஒரு கோடு போட்டுவிட்டு, காரணம் கிடைக்கும் வரை காத்திருப்பேன். இதில் காரணம் கிடைத்துவிட்டது. பூட்டுப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. திறப்பைக் கொடுக்க மறந்துதான் விற்றார்கள். தம்பி உம்மில் வைத்த அன்பில்தான் கொண்டுபோனார். எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. உம்முடைய சொல் ஒன்றுதான் யாரையும் போய்ச் சேரவில்லை.

லப்டொப்பைத் தம்பி கிளிவெட்டிக்குக் கொண்டுபோனார். என்னிடம் மிஞ்சியது என் கண்ணில் இருக்கிறது. உம்மைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் இப்போது யார் கதைத்தாலும் எனக்கு உதட்டில்தான் பார்வை போகிறது. பஸ்ஸில் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் வழியனுப்பும்போது சொல்வதெல்லாம் தெரிகிறது. போன கிழமை சல்லிக்குப் போனேன். வைத்த நேர்த்தியை, திறப்பு பிந்தி வந்தது என்பதற்காகத் தீர்க்காமல் விடுவது எனக்குச் சரியாகப்படவில்லை. பூசை நேரம். மணியும் மேளமும் காதை அடைத்தன. எதிர் வரிசையில் நின்ற பெண்களின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒருத்தி மகனின் பேரைச் சொன்னாள். இன்னொருத்தி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், காப்பாற்று என்று இல்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று. அருகில் நின்ற அவளுடைய பிள்ளைகளுக்கு அது கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மனுக்குச் சொன்னதை அம்மனே கேட்கட்டும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.