பதினாலு வீட்டுத் தெருவின் பதின்மூன்று சுவர்கள்

அனுப்புநர்:
இ. வேடியப்பன், வயது 63,
ஜீப் ஓட்டுநர் (ஓய்வு),
கதவு எண் 8, பதினாலு வீட்டுத் தெரு,
கள்ளக்குறிச்சி நகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: எங்கள் தெரு வீடுகளின் இடைச்சுவர்கள் பதின்மூன்றும் அரசுப் புறம்போக்கு என்று பதிவாகியிருப்பது – ஆக்கிரமிப்பு அகற்றும் அறிவிப்பை ரத்து செய்து, சுவர்களை வீட்டுக்காரர்களுக்குப் பொதுவாகப் பதிவு செய்யக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 8.11.2023 அன்று வீட்டுக் கதவுகளில் ஒட்டப்பட்ட பதினைந்து நாள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் வெள்ளிமலையில் பிறந்தவன். முப்பத்தொரு வருடம் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டினேன். 1986இல் செவ்வந்தியைக் கட்டிக்கொண்டு அவள் பிறந்த இந்தத் தெருவுக்கே குடிவந்தேன். மனு எழுதிப் பழக்கமில்லை. ஏதாவது முறை தவறியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

1. எங்கள் தெரு நான்குமுனைச் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் ஹாரன் சத்தம் சமையற்கட்டு வரைக்கும் வரும். ஆனால் தெருவுக்குள் திரும்பிவிட்டால் ஒரே வரிசையாகப் பதினாலு ஓட்டு வீடு. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனவை என்கிறார்கள். எங்கள் மலையில் ஒவ்வொரு வீடும் தள்ளித் தள்ளித் தனியாக நிற்கும். இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், இரண்டடி கனம். இந்த வீட்டு உத்தரமும் அந்த வீட்டு உத்தரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முதல்முறை ஓடு மாற்ற மேலே ஏறியபோது அதைப் பார்த்துவிட்டு நான் இறங்கவே இல்லை. கீழே செவ்வந்தி, “இன்னா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?” என்று கத்தினாள்.

2. ஒவ்வொரு இடைச்சுவரிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு மாடம் உண்டு. அது மறுபக்கம் வரை திறந்திருக்கும். அதில் வைக்கிற விளக்கு இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம். ஒரு நாள் இந்த வீட்டுக்காரர் ஏற்ற வேண்டும், மறுநாள் அந்த வீட்டுக்காரர். கரண்ட் வந்த பிறகும் யாரும் இந்த முறையை விடவில்லை. சுவரில் ஆணி அடிப்பதானால் மாடத்தில் வாய் வைத்து அந்தப் பக்கம் கேட்டுவிட்டுத்தான் அடிப்போம். பொங்கலுக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெள்ளை அடிப்போம். எங்கள் மாடத்துக்கு மறுபக்கம் ஒன்பதாம் எண் வீடு, ராஜாம்பாள் அக்காவுடையது.

3. 2011இல் தானே புயல் அடித்தபோது ஊரெல்லாம் இருட்டு. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணெய் ஊற்றக் குனிந்தவன் மாடம் வழியாகப் பார்த்தேன். ஐயா, பதினாலாம் வீடு வரைக்கும் தெரிந்தது. ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு சுடர், வர வரச் சின்னதாக, கடைசியில் கடுகு அளவு. இந்தப் பக்கம் திரும்பி ஏழாம் வீட்டுச் சுவரில் குனிந்தேன். முதல் வீடு வரைக்கும் அதே மாதிரி. ஒரு விரல்கடை கூட விலகாமல் பதின்மூன்று சுவரில் ஒரே நேராக ஓட்டை விட்டிருக்கிறார்கள். எந்த மகராசன் நூல் பிடித்தானோ! கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மலை உச்சியில் எத்தனையோ விடியலைப் பார்த்தவன் நான். இது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. தாங்கள் ஒரு தரம் வந்து குனிந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

4. இனி நடந்த தவறு. அது அலுவலகத்தின் தவறு அல்ல, எங்கள் தவறு. அதிலும் பெரும்பங்கு என்னுடையது.

1993இல் குடியிருப்பு மனைகளை அளந்து பதிகிற நத்தம் அளவைக்கு ஆட்கள் வந்தார்கள். ஸ்பிரிங் பட்டை ஒடிந்து ஜீப் பட்டறையில் கிடந்ததால் அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். இடைச்சுவர் யாருடையது என்று கேட்டார்கள். எங்களுடையது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் செவ்வந்தி, “அது ராஜாம்பாக்கா வூட்டு செவுருங்க” என்று சொல்லிவிட்டாள். அவர்கள் எழுதிக்கொண்டு ஒன்பதாம் வீட்டுக்குப் போனார்கள். நான் மாடத்தின் அருகிலேயே நின்றிருந்தேன். அங்கே அக்கா, “அது செவ்வந்தி வூட்டு செவுருங்க” என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

நான் சிரித்தேன். அப்படிப்பட்ட தெருவில் பெண்ணெடுத்தோமே என்று மார்பு விம்மியது. ஓடிப்போய், இரண்டு பேரும் மாற்றிச் சொல்கிறார்கள் ஐயா என்று அந்த ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினாலு வீட்டிலும் இதே பதில்தான். பொதுச்சுவரை என்னுடையது என்று சொன்னால் அது பக்கத்து வீட்டுக்காரரைச் சண்டைக்கு இழுப்பது மாதிரி என்று இந்தத் தெருவில் வழக்கம். யாரும் உரிமை கோராததால் பதின்மூன்று சுவரும் புறம்போக்கு ஆகிவிட்டன. முப்பது வருடம் எங்களுக்கு இது தெரியாது.

5. இப்போது சுவர்கள் ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் அகற்ற வேண்டும் என்று அறிவிப்பு. சுவரை எடுத்தால் வீடு எதன் மேல் நிற்கும்? வீடு எங்களுக்காம், அதைத் தாங்குகிற சுவர் அரசாங்கத்துக்காம். வருகிற வியாழக்கிழமையோடு கெடு முடிகிறது. ராஜாம்பாள் அக்காவுக்கு வயது எழுபத்தொன்பது, பிள்ளைகள் இல்லை. அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. எங்கே போவார்?

2021இல் செவ்வந்தி இறந்தபோது பதினாறு நாள் வரை எங்கள் முறைக்கும் அக்காவே விளக்கேற்றினார். பொழுது சாய்ந்ததும் மறுபக்கத்திலிருந்து வளையல் போட்ட கை வரும், திரியைத் தூண்டிவிட்டுப் போகும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் சாப்பிட எழுந்தேன். பதினேழாம் நாள் நானே ஏற்றினேன். இதையெல்லாம் மனுவில் எழுதக் கூடாது என்றால் அடித்துவிடுங்கள்.

6. அறிவிப்பு வந்த பிறகு அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டு, சுவரின் இரண்டு பக்கத்தாரும் ஆளுக்கொரு படிவம் தர வேண்டும், அதில் ‘சுவரின் உரிமையாளர்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றார். பதின்மூன்று சுவருக்கு இருபத்தாறு படிவம் வாங்கி வந்தேன். இந்தத் தரமாவது உங்கள் பெயரை எழுதித் தொலையுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். ஒருவரும் மசியவில்லை.

நான்காம் வீட்டுச் சின்னராசுவும் ஐந்தாம் வீட்டு ராஜாங்கமும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையை நேரில் வைக்காத கோபம். விளக்கு மட்டும் முறை தவறாமல் எரிகிறது. இவராவது தன் பெயரை எழுதுவார் என்று ராஜாங்கத்திடம் போனேன். “பேச்சு இல்லன்னா செவுரு என்னுதாயிடுமா? அது அந்தாளு செவுரு, அப்படியே எழுதிக்க” என்று விரட்டிவிட்டார். சின்னராசுவும் தன் படிவத்தில் ராஜாங்கம் பெயரையே எழுதியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் தெருவில் நின்று அந்தப் பதினாலு வாசலையும் பார்த்தபோது, புயலுக்கு மறுநாள் மாடத்தில் பார்த்ததையே திரும்பவும் பார்க்கிற மாதிரி இருந்தது.

7. கடைசியில், அக்கா வீட்டுப் பக்கத்துச் சுவருக்கான என் படிவம். பேனாவோடு உட்கார்ந்தேன். ‘வேடியப்பன்’ என்று எழுதினால் ஒரு சுவராவது தப்பும். வே என்ற எழுத்து வரைக்கும் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடித்துவிட்டு ‘ராஜாம்பாள்’ என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலுக்கு மன்னிக்கவும்.

ஆகவே ஐயா, படிவங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர்கூடத் தனக்கென்று கேட்கவில்லைதான். ஒரே சுவரின் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு உரிமையாளர் பெயர் இருக்கும். அந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் பொது என்று பதிவு செய்து, வியாழக்கிழமைக்குள் அறிவிப்பை ரத்து செய்தால் பதினாலு குடும்பமும் வீட்டில் இருக்கும். நேரில் வருவதானால் பொழுது சாய்கிற நேரத்துக்கு வாருங்கள். அன்றைக்கு யார் முறையோ அவர் விளக்கு வைத்திருப்பார்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 20.11.2023

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) இ. வேடியப்பன்

இணைப்பு: படிவங்கள் 26.

குறிப்பு: ஒன்பதாம் எண் வீட்டுப் படிவத்தில் ராஜாம்பாள் அக்கா, சுவரின் உரிமையாளர் ‘செவ்வந்தி’ என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறார். இறந்தவர் பெயரில் பதிவு செய்ய மாட்டார்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். நேற்றுக்கூட விளக்கு அவள் முறைதானே என்கிறார். மாற்ற மறுக்கிறார். நானும் மாற்றச் சொல்லவில்லை.