கதவில் கொப்புளம்

ஆவணி 20, வெள்ளி.

நாயாற்றில் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியாரின் பழைய ஒஸ்ரின் காருக்கு நான் பெயின்ற் அடித்து முடித்து இன்று ஆறாம் நாள். காலையில் துடைத்தபோது இடதுபக்கக் கதவில் கடுகளவு கொப்புளங்கள் கையில் தட்டுப்பட்டன. ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே ஈரமும், தகரத்தைத் தின்னும் சிவப்புக் கறளும்.

பழைய பெயின்றைச் சுரண்டியபிறகு அந்தத் தகரத்தை எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றித்தான் தேய்த்தேன். இந்தக் கோடையில் கிணறு உவராகிவிட்டது; அந்த உப்புத்தான் பெயின்றுக்கு அடியில் தங்கிவிட்டது. மனைவி அப்போதே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இந்தத் தண்ணியிலை சவர்க்காரமே நுரைக்குதில்லை. நல்ல தண்ணி அள்ளிக்கொண்டு வந்து தேயுங்கோ." நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கவேண்டும். காருக்கென்ன தாகமா என்று கேட்டுச் சிரித்தேன்.

பின்னேரம் சம்மாட்டியார் வந்தார். திங்கட்கிழமை அவருடைய மகள் கலியாணத்துக்கு இந்தக் காரில்தான் மாதா கோயிலுக்குப் போகிறாள். வலதுபக்கக் கதவில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"உப்புக்காத்துத் திண்ட கார் எண்டு இனி ஆர் சொல்லுவினம்? கறள் திரும்ப வராதுதானே, தம்பி?"

"வராது, சம்மாட்டியார்" என்றேன். இடதுபக்கத்துக்கு அவரை விடாமல் மறைத்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திரும்பச் சுரண்டி அடித்தால் திங்களுக்குள் காயுமோ தெரியாது. சுரண்டாமல் விட்டால், கலியாணப் பிள்ளையின் வெள்ளைச் சேலை உரசுவது அந்தக் கதவில்தான்.

அவர் போனபிறகு மனைவி வாளிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். இருட்டுமுன் அந்த ஒரு மைலும் நடந்து இரண்டு வாளி நல்ல தண்ணீர் சுமந்துவந்து, அந்தக் கதவடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.